நடை தளர்ந்த நாய்க்கு நாம் செய்யக்கூடியவை



நாய் வளர்ப்பைப் பற்றிப் பேச அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் குட்டியைப் பற்றியும், அதற்குப் போடவேண்டிய தடுப்பூசிகளைப் பற்றியும், அதைப் பழக்கும் முறைகளைப் பற்றியும் பேசிவிட்டு அமர்வதே வழக்கமாக இருந்து வருகிறது. அவை அவசியமான விஷயங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், எட்டு வயதையும் பத்து வயதையும் கடந்து, வாசற்படியில் ஏறுவதற்கு முன் சற்றே நின்று யோசித்து, பிறகு ஏறாமலே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிற நாயைப் பற்றிப் பேசுவோர் அரியர். இன்று மாலை உங்கள் முன் நான் வைக்க விரும்புவது அந்த நாயின் விஷயத்தையே. மூட்டுவாதத்தால் அவதிப்படும் நாயின் வேதனையைத் தணிப்பதிலும், அதன் நடமாட்டம் நின்றுபோகாமல் காப்பதிலும் மருந்துக்குரிய பங்கைவிட, அந்த நாய் வாழ்கிற வீட்டுக்கும் வீட்டாருக்கும் உரிய பங்கே பெரிது என்பது இந்தப் பிராணிகளுக்கு வைத்தியம் செய்தே காலத்தைக் கழித்த எனக்கு ஏற்பட்டிருக்கும் திடமான அபிப்பிராயம்.

இந்த வியாதி அபூர்வமானது என்று எவரும் எண்ண வேண்டாம். வட அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள், ஒரு வயதைத் தாண்டிய நாய்களில் நூற்றுக்கு 20-க்கு இது இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிழ நாய்களை மட்டும் எண்ணிச் சொன்ன கணக்கல்ல இது. மனிதருக்குப் பெரும்பாலும் வயது முதிர்ந்த பின் தேய்வினால் வருகிற இந்நோய், நாய்க்கோ அநேகமாகக் குட்டிப் பருவத்திலேயே மூட்டு சரிவர அமையாமற்போன குறையிலிருந்து கிளம்புகிறது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் ஆழ்ந்து பொருந்தாமல் தளர்ந்து ஆடுகிற குறையை, அமெரிக்காவில் ஷ்னெல் என்னும் கால்நடை மருத்துவர் 1935-இல் எடுத்துக் காட்டினார். நம் ஊரில் அல்சேஷன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வீலர் முதலிய பெரிய ஜாதிகளில் இன்றும் அது பரவலாகக் காணப்படுகிறது. அந்த ஜாதிகளுக்கே முன்னங்கால் முழங்கையிலும் இத்தகைய அமைப்புக் குறை உண்டு. பொமரேனியன், பக் போன்ற சிறு நாய்களுக்கு முழங்காற்சில்லு நழுவும். கொழுத்த நாய்களுக்கு முழங்காலின் உள்ளே எலும்புகளைக் கட்டி நிறுத்தும் தசைநார் நைந்து அறுந்துவிடும். தெருவில் திரியும் நாய்க்கோ இந்தக் காரணங்கள் கூட வேண்டுவதில்லை. ஏதோ ஒரு வாகனம் மோதி முறிந்த எலும்பு, கட்டுவாரின்றிக் கோணலாகக் கூடி, அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளை ஆயுள் முழுவதும் தவறான வழியில் தேய்த்துக்கொண்டிருக்கும்.

மூட்டின் உள்ளே நடப்பது என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். ஏனெனில், பின்னால் நான் சொல்லப்போகும் யோசனைகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. இரண்டு எலும்புகள் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இரத்தம் பாயாத அந்தத் திசு எப்படிப் பிழைத்திருக்கிறது என்றால், கால் ஊன்றும்போது அழுந்தியும், தூக்கும்போது விரிந்தும், கடற்பஞ்சு நீரை உமிழ்ந்து உறிஞ்சுவதைப் போல மூட்டில் உள்ள நீரிலிருந்து தனக்கு வேண்டிய ஆகாரத்தை அது பெற்றுக்கொள்கிறது. ஆகவே, அசைவுதான் மூட்டுக்கு உணவு. குருத்தெலும்பு தேய்ந்து, அதைச் சூழ்ந்த உறை வீங்கி, அடியிலுள்ள எலும்பு அதிர்ச்சியைத் தாங்கத் தொடங்கும்போது, அந்த உறையிலும் எலும்பிலும் உள்ள நரம்புகள் வலியை எழுப்புகின்றன. வலித்தால் நாய் நடையைக் குறைக்கிறது. நடை குறைந்தால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்தால் மூட்டைத் தாங்கிப் பிடிப்பார் இல்லாமல் மேலும் தளர்கிறது. தளர்ந்தது மேலும் வலிக்கிறது. இந்தச் சுழலை ஏதாவது ஓரிடத்தில் வெட்டுவதே வைத்தியத்தின் சாரம். 'பாவம், ஓய்வெடுக்கட்டும்' என்று நாயை ஒரே இடத்தில் படுக்க விட்டுவிடுவது, இரக்கத்தினால் செய்யப்படுவதாயினும், அந்தச் சுழலை விரைவாக்கும் காரியமே ஆகும்.

வலி எடுத்தால் நாய் கத்தாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. அடிபட்டால் கத்தும், ஆனால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் மூட்டு வலிக்கு நாய் கத்துவதில்லை. அது தன் பழக்கங்களை மாற்றிக்கொள்கிறது. ஒரு வீட்டில் லாப்ரடார் ஒன்று, வீட்டு எஜமானர் மாலையில் திரும்பி வரும்போதெல்லாம் மாடிப்படி இறங்கி ஓடி வந்து வரவேற்பதை வழக்கமாக வைத்திருந்தது. சில மாதங்களாக அது படியின் மேலேயே நின்று வாலை மட்டும் ஆட்டிற்று. அதற்குத் தங்கள் மேல் கோபம் என்றும், பேரக்குழந்தை வந்த பிறகு பொறாமை என்றும் அவர்கள் பலவிதமாக அர்த்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நாயின் இரண்டு தொடைகளையும் பின்புறமிருந்து இரு கைகளாலும் பற்றிப் பார்த்தபோது, இடது தொடை வலது தொடையைவிட வெளிப்படையாக மெலிந்திருந்தது. பின்னங்கால் நகங்களின் முனை, காலைத் தூக்காமல் இழுத்து நடந்ததனால் சாய்வாகத் தேய்ந்திருந்தது. நாய் படி இறங்காததற்குக் காரணம் கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை.

காலையில் எழுந்ததும் பத்தடி தூரம் விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடும் நாய். இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயலைப் போலத் துள்ளி ஓடும் நாய். காரில் ஏறுவதற்கு முன் முன்னங்கால்களை வைத்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் நாய். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு காலை வெளியே நீட்டி உட்காரும் நாய். ஒரே மூட்டை ஓயாமல் நக்கும் நாய். குழந்தைகள் முதுகில் கை வைத்தால் இதுவரை இல்லாதபடி உறுமும் நாய் — இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டுவது நலம். முன்னங்காலில் நோவு இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தால் எவருக்கும் இது விளங்கும். 'வயசாயிடுச்சு டாக்டர், வேற ஒண்ணுமில்ல' என்ற சமாதானத்தை நான் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கிறேன். வயதைக் குறைக்க யாராலும் முடியாது. வலியைக் குறைக்க முடியும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் நாட்டில் உண்ணி மிகுதி. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா போன்ற ஜுரங்களிலும் நாய்க்குப் பல மூட்டுகள் ஒருங்கே வீங்கி நொண்டுவதுண்டு. ஆகவே, நேற்றுவரை ஓடிய நாய் இன்று திடீரென நொண்டினால், அதோடு காய்ச்சலும், உணவில் வெறுப்பும் சேர்ந்திருந்தால், அதை மூட்டுத் தேய்வு என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடங்களில் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

இனி, நிவாரணத்துக்கு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது ஆகாரம். இதில் நம் வீடுகளின் வழக்கம் அன்பினால் மிகவும் கெட்டுக் கிடக்கிறது. காலையில் தாத்தா காபியோடு தின்னும் பிஸ்கட்டில் இரண்டு நாய்க்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளை இட்லியில் பாதியை மேஜைக்கடியில் நீட்டுகிறது. மத்தியானம் பால் சோறு. சாயங்காலம் மறுபடியும் பிஸ்கட். இரவில் கறிச் சோறு. ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது கொஞ்சம்தான் என்று நினைக்கிறார்கள். கொடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. நாயின் சரீர பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களின் மேலும் எஞ்சியது பின்னங்கால்களின் மேலும் விழுகிறது. ஒவ்வொரு கிலோ கொழுப்பும் இந்த நான்கு தூண்களின் மேல்தான் ஏறுகிறது. அதுவன்றி, கொழுப்புத் திசு சும்மா கிடப்பதும் இல்லை. வீக்கத்தை வளர்க்கும் இரசாயனப் பொருள்களை அது இரத்தத்தில் சதா கலந்துகொண்டே இருக்கிறது.

இதை நிரூபித்துக் காட்டிய ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்லாமலிருக்க முடியாது. அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தார் லாப்ரடார் குட்டிகள் 48-ஐ எடுத்து, ஒரே ஈற்றில் பிறந்தவைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆகாரம் கொடுத்து, அவற்றின் ஆயுட்காலம் முழுவதும் கவனித்து வந்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, நிறையத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது வேறு: நிறையத் தின்ற கூட்டத்தில் பாதி நாய்களுக்கு மூட்டுவாத வைத்தியம் நீடித்துத் தேவைப்பட்ட வயது 10.3, குறைவாகத் தின்ற கூட்டத்தில் அது 13.3. ஒரு மருந்தும் இன்றி, சோற்றுக் கரண்டியைக் கொண்டே மூன்று ஆண்டு வேதனையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்! ஏற்கெனவே நொண்டுகிற நாய்க்கு இனி என்ன பயன் என்று தயங்க வேண்டாம். கொழுத்து நொண்டிய நாய்களை மெலிய வைத்துப் பார்த்த மற்றொரு பரிசோதனையில், எடையில் 6 சதவீதம் குறைந்த அளவிலேயே நொண்டல் குறையத் தொடங்கிவிட்டது. 40 கிலோ நாய்க்கு அது இரண்டரைக் கிலோவைக் கூட எட்டாத குறைவு.

உங்கள் நாய் கொழுத்திருக்கிறதா என்று அறியத் தராசு கூட அவசியமில்லை. விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேறியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை நாயையும் கன்னி நாயையும் கண்டு 'சோறு போடாமல் வைத்திருக்கிறார்களே' என்று இரங்குகிறவர்கள், ஒரு நாயின் உடல் இயல்பாக இருக்க வேண்டிய விதம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை என்பதை அறிய வேண்டும். ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டிய முழு ஆகாரத்தையும் காலையிலேயே அளந்து ஒரு பாத்திரத்தில் வைத்து, வீட்டார் எவர் எதைக் கொடுப்பதாயினும் அந்தப் பாத்திரத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டால் அரைப்பங்கு சிரமம் தீர்ந்துவிடும். வயிறு நிறைய வேண்டுமென்றால் சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாக வேகவைத்த பூசணியோ, பீன்ஸோ, கேரட்டோ சேர்க்கலாம். வெங்காயம் மட்டும் ஆகாது.

ஆகாரத்துக்கு அடுத்தபடியாக நான் மிகவும் வற்புறுத்துவது, நம்மவர் எவரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை. அது தரை. நம் பழைய வீடுகளில் சிமெண்டுத் தரையும், காவித் தரையும், செங்கல் பாவிய முற்றமும் இருந்தன. நாயின் பாதத்துக்கு அவை பிடி கொடுத்தன. இன்று நகரத்திலும் கிராமத்திலும் வீடு கட்டுகிறவர்கள் முகம் தெரியும்படி பளபளக்கும் டைல்ஸையும் கிரானைட்டையும் பதிக்கிறார்கள். வீட்டுக்கு அது அழகுதான். ஆனால், இடுப்பில் வலியுள்ள ஒரு நாய் அந்தத் தரையிலிருந்து எழுவதை ஒருமுறை உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். முதலில் முன்னங்கால்களை ஊன்றி மார்பைத் தூக்குகிறது. பின்னங்கால்களை உடலுக்கடியில் இழுத்துக் கொள்கிறது. எழ முயலும் கணத்தில் அந்தக் கால்கள் இரண்டு பக்கமும் விலகி வழுக்குகின்றன. நகங்களை நீட்டித் தரையைப் பற்றப் பார்க்கிறது, நகம் கீறுகிற ஓசைதான் மிச்சம். மறுபடியும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, இரண்டாவது முறை முயல்கிறது. கால் அப்படி விலகும் ஒவ்வொரு தடவையும் தளர்ந்த இடுப்பு மூட்டு திருகிக்கொள்கிறது. சில நாட்களில் அந்த நாய் கூடத்தின் நடுவே நடப்பதை விட்டுச் சுவரோரமாக உராய்ந்துகொண்டே போகக் கற்றுக்கொள்ளும். பிறகு தாகம் எடுத்தால் கூடத் தண்ணீர்ச் சட்டிவரை போக மனமின்றிப் படுத்திருக்கும். சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடந்து, கடைசியில் படுத்த இடத்திலேயே விட்டுவிடும். அதற்காக அதைத் திட்டுகிற வீடுகளும் உண்டு.

இதற்குப் பரிகாரம் மிகவும் எளிது. நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும், அங்கிருந்து வாசலுக்கும், வீட்டார் கூடியிருக்கும் இடத்துக்கும் அது வழக்கமாகப் போகும் பாதையைக் கவனித்து, அந்தப் பாதை நெடுகிலும் அடியில் ரப்பர் ஒட்டிய தென்னைநார் விரிப்பையோ, உடற்பயிற்சிக்கு விற்கும் ரப்பர் பாயையோ இடைவெளி விடாமல் விரித்துவிட வேண்டும். வெறும் கோணிச் சாக்கை விரித்தால் சாக்கே நாயோடு சேர்ந்து வழுக்கும். ஆதலால் அடிப்பக்கம் பிடிப்புள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகங்களை வளரவிடாமல் வெட்டிவிடுவதும், பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே வளரும் மயிரைக் கத்தரித்துவிடுவதும் இதன் பகுதியே. நடக்கும்போது நகம் தரையில் டக் டக்கென்று கேட்டால் அது நீளம் என்று பொருள். விலையுயர்ந்த மருந்துகளை ஆறு மாதம் கொடுத்துப் பலன் காணாமல் சோர்ந்திருந்த ஒரு குடும்பத்தார், கூடத்திலிருந்து கொல்லைக் கதவுவரை இவ்வாறு விரித்த வாரத்திலேயே, நாய் தானாக எழுந்து அடுக்களை வாசலில் வந்து படுத்துக்கொண்டதைச் சொல்லி மகிழ்ந்தார்கள். மருந்து அதற்கு முன்பும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தரை அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

படுக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டியான மெத்தை வாங்கிப் போட்டோம், நாய் அதை விட்டு வெறுந்தரையிலேயே போய்ப் படுக்கிறது என்று முறையிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அது குளிர்ச்சியைத் தேடிப் போவது இயல்பே. மெத்தையை மின்விசிறியின் கீழே போட்டு, அதன்மேல் கோரைப்பாய் ஒன்றை விரித்தால் பெரும்பாலான நாய்கள் ஏற்றுக்கொள்கின்றன. மார்கழியிலோ வெறுந்தரையில் படுத்த நாய் காலையில் எழவே சங்கடப்படும். அப்போது அதுவே மெத்தையைத் தேடி வரும்.

படி ஏறுவதும் காரில் ஏறுவதும் கடினமானால், நீண்ட பலகையொன்றின் மேல் விரிப்பை ஆணியடித்துச் சாய்வாக வைத்துக் கொடுக்கலாம். பின்னங்கால் மிகவும் பலவீனப்பட்ட நாய்க்கு, பழைய வேட்டியொன்றை நான்காக மடித்து, அடிவயிற்றின் கீழே பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே செலுத்தி, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டால், எழுவதற்கும் படி கடப்பதற்கும் பெரிய உதவியாகும். நாயைத் தொங்கவிடக் கூடாது. அதன் பாரத்தில் ஒரு பங்கை மட்டும் நம் கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண் நாயாயின் துணி சிறுநீர் வரும் இடத்தை அழுத்தாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம்.

நடை விஷயத்தில் ஜனங்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் முற்றிலும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஆறு நாள் கட்டிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பந்தை எறிந்து ஒரு மணி நேரம் ஓட வைக்கிறார்கள். நோயுற்ற மூட்டுக்கு வேண்டுவது சிறிது சிறிதாக, தினந்தோறும், ஒரே அளவாக நடக்கும் நடை. ஒரு மணி நேரத்தை ஒரே தடவையில் நடப்பதைவிட, காலையும் மாலையும் இரவுமாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது மேல். வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்த வேண்டும். மெதுவாக நடக்கும்போதுதான் நாய் நோவுள்ள காலையும் ஊன்றும், விரைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று கால்களால் சமாளித்துவிடும். அளவை அறிய ஒரு வழி உண்டு: மறுநாள் காலையில் விறைப்பு அதிகமாயிருந்தால் முந்திய நாள் நடை அதிகம். வெயில் காலத்தில் தார்ச்சாலையில் நம் புறங்கையை வைத்துப் பார்த்து, நம்மால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. கால் புதையும் மணல் மூட்டை வருத்தும். அலை நனைத்த இறுகிய மணலும் புல்தரையும் நல்லவை. வீட்டு முற்றத்திலேயே மூங்கிற் கழிகளைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தி, நாயை அவற்றைத் தாண்டி மெல்ல நடக்கச் செய்தால், காலை மடக்கித் தூக்கும் பழக்கம் திரும்பி வரும்.

நீந்துவது உத்தமமான அப்பியாசம். உடற்பாரம் மூட்டின் மேல் விழாமலே தசைகள் வேலை செய்கின்றன. வாய்க்காலும் கண்மாயும் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் இறங்கும் இடம் பாசி படிந்த படிக்கட்டாக இராமல் சரிவான கரையாக இருக்க வேண்டும். முதல் நாளே நெடுநேரம் விடலாகாது. பெருநகரங்களில் சில இடங்களில் தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டை வைத்து இதையே வைத்தியமாகச் செய்கிறார்கள்.

ஒத்தடம் நம் வீடுகளுக்குப் புதியதல்ல. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் இடுப்பிலோ முழங்காலிலோ வைத்திருந்தால் விறைப்பு தணியும். அதன்பின் தொடைச் சதையை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிடலாம். மூட்டு புதிதாக வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் இது வேண்டாம். வாணலியில் வறுத்த உப்பு மூட்டை நாய்க்கு ஆகாது. மயிருக்கு அடியில் தோல் வெந்துபோவது கண்ணுக்குத் தெரியாது. மனிதர் வலிக்குப் பூசிக்கொள்ளும் தைலங்களை எக்காரணத்தைக் கொண்டும் பூச வேண்டாம். அவற்றில் உள்ள கர்ப்பூரமும் மீதைல் சாலிசிலேட்டும் நாய்க்கு நஞ்சு. பூசிய இடத்தை அது நக்காமல் விடுவதில்லை.

மருந்தைப் பற்றி. வீக்கத்தையும் வலியையும் தணிக்கக் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்ற மருந்துகள் நாய்களுக்கென்றே சோதித்து அளவு வகுக்கப்பட்டிருக்கின்றன. டாக்டர் சொன்ன அளவில், வயிற்றில் உணவு இருக்கும்போது, சிறுநீரகமும் கல்லீரலும் நல்ல நிலையில் உள்ளனவா என்று அவ்வப்போது இரத்தம் பார்த்துக்கொண்டு கொடுத்து வந்தால் இவை நாயின் கடைசிக் காலத்தைப் பெரிதும் சுகப்படுத்துகின்றன. இவற்றில் இரண்டை ஒரே சமயத்தில் கொடுப்பதும், ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. வாந்தியோ, கருநிற மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்துக் கடையில் நமக்கு வாங்கும் இப்யூப்ரோஃபெனையோ, டைக்ளோஃபெனாக்கையோ, பாராசிட்டமாலையோ 'கால் மாத்திரைதானே' என்று நாயின் வாயில் போடுகிற பழக்கத்தால் இரைப்பை புண்ணாகியும், சிறுநீரகம் கெட்டும் நாய்கள் மாண்டிருக்கின்றன. ஓர் உயிர் சாதாரணமாகத் தாங்கும் மருந்தை மற்றோர் உயிரின் உடல் தாங்காது என்பதற்கு நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளைவிடச் சோகமான சாட்சி வேண்டியதில்லை. மாடுகளின் மூட்டு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004-இல் தெளிவாயிற்று; 2006-இல் இந்தியாவில் அதைக் கால்நடைகளுக்குத் தயாரிப்பதைத் தடை செய்தார்கள். அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டது, கழுகுக்குத் தீங்கு செய்யாத அதே மெலாக்சிகாம்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளைக் காணும்போதெல்லாம் இந்த நினைவு எனக்கு வருகிறது.

வலியைத் தூண்டும் நரம்பு வளர்ச்சிக் காரணியை அடக்க மாதம் ஒருமுறை போடும் ஊசியொன்று 2020-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பெடின்வெட்மாப் என்பது அதன் பெயர். பல நாய்களுக்கு அது நன்மை செய்திருக்கிறது. சில நாய்களிடம் கண்ட தீய விளைவுகளைக் குறித்து 2024-இன் இறுதியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கையும் விடுத்திருக்கிறது. ஆகவே அது நாயைப் பரிசோதித்த டாக்டர் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். குளுக்கோசமின் மாத்திரைகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மீன் எண்ணெய்க்கோ நல்ல ஆதாரம் உண்டு. நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனிலேயே அந்த எண்ணெய் நிறைந்திருக்கிறது. மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதை நாள்தோறும் கொடுத்தால் ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறிவிடும்.

எந்த வைத்தியமானாலும் பலனைக் கணிப்பதில் நம் மனம் நம்மை ஏமாற்றும். அமெரிக்காவில் ஒரு பரிசோதனையில், சில நாய்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்து, அவை காலை ஊன்றும் பலத்தைத் தரையில் பதித்த கருவியால் அளந்தார்கள். கருவி ஒரு மாறுதலையும் காட்டாத நாய்களைக் கூட, குணமாகிவிட்டது என்று வீட்டாரும் சொன்னார்கள், பரிசோதித்த டாக்டர்களும் சொன்னார்கள். அன்பு உள்ள இடத்தில் இது நேரக்கூடியதே. இதற்கு மாற்று, ஒரு சிறு நோட்டுப் புத்தகம். காலையில் எழ எத்தனை முறை முயன்றது, வாசற்படியைத் தானாக ஏறிற்றா, எவ்வளவு தூரம் நடந்து திரும்ப விரும்பிற்று என்ற மூன்றை மட்டும் தினமும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், நாய் நம்மை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவமனையின் மேஜையைக் கண்ட பயத்தில் எந்த நொண்டி நாயும் நேராக நடந்து காட்டிவிடும். உங்கள் படம்தான் எங்களுக்கு உண்மையைச் சொல்லும். எல்லாம் செய்தும், மருந்தை உயர்த்தியும், கெட்ட நாட்கள் நல்ல நாட்களைவிட மிகுந்துவிட்டன என்று அந்த நோட்டுப் புத்தகமே ஒருநாள் சொல்லுமானால், அப்போது எடுக்க வேண்டிய முடிவையும் தெளிந்த மனத்தோடு எடுக்க அது துணை செய்யும்.

கடைசியாக, இனிமேல் குட்டி வாங்க இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் பக்கத்தில் ஒரு சடங்காகவே நடந்து வருகிறது. கால் பலப்படும் என்பது நம்பிக்கை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளில், மிகையான கால்சியம் எலும்பின் வளர்ச்சியையே கெடுத்தது தெரியவந்தது. மிகையானதை வேண்டாமென்று தள்ளும் சக்தி அந்தப் பருவத்துக் குடலுக்கு இல்லை. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட உணவை அளவோடு கொடுப்பவர்கள் அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம். வீட்டில் சமைத்துப் போடுகிறவர்கள் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யட்டும். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு, மூன்று மாதம் நிறையாத குட்டிகள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கினால் இடுப்புக் குறை மிகுவதையும், அதே வயதில் லேசான மேடு பள்ளமுள்ள வெளியில் தாமாக ஓடி விளையாடினால் குறைவதையும் காட்டியது. குட்டியை வாங்கும் முன் அதன் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். 1966-இல் அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவப்பட்ட அறக்கட்டளை, நாய்க்கு 2 வயது நிறைந்த பிறகு எடுத்த படத்துக்கே இறுதிச் சான்று தருகிறது. ஆகவே ஒரு வயதில் எடுத்த படத்தைக் காட்டுகிறவரிடம் மறுபடி எடுக்கச் சொல்லலாம். படம் எடுத்ததே இல்லை என்று சொல்கிறவரிடம், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.